சினை ஆடு ஒன்றுமில்லை

மார்ச் 3, செவ்வாய்

பட்டுக்கோட்டை. விடுதி அறையில் இரண்டு சன்னல்கள், ஒன்று திறக்காது. திறக்கிற சன்னலுக்குக் கீழே பேக்கரி. கொண்டுவந்த புத்தகங்களை மேசையில் அடுக்கியதும் அது ஒரு பக்கம் சாய்ந்தது. காலுக்கு அட்டையை மடித்துக் கொடுத்தேன். இரண்டு மாதம் தாங்கும்.

டாக்டர் ஹலீமா குயோ பக்கத்து அறையில் இருக்கிறார். கென்யாவின் வடக்கே, ஒட்டகமும் ஆடும் மேய்க்கிற வறண்ட பகுதியிலிருந்து வந்திருக்கிறார். ஆட்டுக்கொல்லி நோயை ஒழிக்க இரண்டு நாடுகளும் சேர்ந்து நடத்தும் திட்டம் இது. வெயிலைத் தாங்கும் தடுப்பூசியை அவர்கள் ஊரில் போட்டுப் பார்த்துவிட்டார்கள்; இனி இங்கே. ராமநாதபுரத்துக் கீதாரிகளின் மந்தைகளில் தொடங்குகிறோம். அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காக இரவுதோறும் ஆடுகளை அடைத்துக் கிடை போட்டு, வயல் மாற்றி வயல் மாற்றி இந்தப் பக்கமெல்லாம் நடப்பவர்கள். ஆடு நடந்தால் நோயும் கூடவே நடக்கும்.

எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. ஹலீமா சாயங்காலம் ஒரே ஒரு விதி சொன்னார். அவர்கள் பேசுவதை அழகுபடுத்தாதே. நான் பேசுவதையும் அழகுபடுத்தாதே. எனக்கு அது பிடித்திருந்தது. மொழிபெயர்ப்பவள் சன்னல் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், இருப்பதே தெரியக் கூடாது என்றுதான் நானும் நினைத்திருக்கிறேன்.

கால்நடைகளோடு பழக்கம் உண்டா என்று கேட்டார். இலக்கியம் படித்தவள் என்றேன். அது பதில் இல்லை என்று அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

அப்பா இரண்டு முறை அழைத்திருந்தார். நாளைக்குப் பேச வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

முதல் கிடை. ஊருக்கு வெளியே, அறுத்த நெல் தாள் நிற்கிற பெரிய வயல். மந்தைக்குத் தலைமை ஒரு பெண், பஞ்சவர்ணம். நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவருக்கு இடுப்பு ஒடிந்ததிலிருந்து இவர்தான் மந்தையை நடத்திக்கொண்டு வருகிறாராம். தோளில் துண்டு, கையில் துரட்டிக் கம்பு. வெற்றிலைக் கறை பிடித்த சிரிப்பு.

அரசு மருத்துவர் செல்வநாயகமும் வந்திருந்தார். நல்ல மனிதர், வியர்த்துக்கொண்டே இருந்தார். “வெயிலத் தாங்குற ஊசி எனக்கும் ஒண்ணு போட முடியுமான்னு மேடத்துகிட்ட கேளும்மா” என்றார். கேட்டேன். ஹலீமா அவருடைய தொந்தியைப் பார்த்துவிட்டு, அளவு போதாது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல தொடக்கம் என்று நினைத்தேன்.

ஊசி போடுவதற்கு முன் ஹலீமா பொறுமையாக விளக்கினார். ஊசியால் கருவுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் நிறைசினை ஆட்டைத் துரத்திப் பிடித்து அமுக்கினால் கரு விழக்கூடும். ஆகவே குட்டி போட ஒரு மாதத்துக்குள் இருக்கும் ஆடுகளைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும். அவற்றுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். அப்படி எவை இருக்கின்றன?

பஞ்சவர்ணம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “சினையா? ஒண்ணுமில்லத்தா. எல்லாம் மலட்டுச் சனியன்க.”

கிடையில் இருந்த மற்றவர்களும் தலையாட்டினார்கள். சொன்னதைச் சொன்னபடியே ஆங்கிலத்தில் சொன்னேன். ஹலீமா மந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தாள் மேய்ந்து எல்லா ஆடுகளுக்கும் வயிறு புடைத்திருந்தது. என்னிடம் ஏதோ கேட்டார், பதில் சொன்னேன். கூலிக்கு வந்த ஆட்கள் பிடிக்கத் தொடங்கினார்கள்.

மதியத்துக்குள் முடிந்துவிட்டது. ஒரு ஆடு மிரண்டு என் மேல் வந்து விழுந்தது. தொடைச் சந்தில் கை கொடுத்துத் திருப்பிவிட்டேன். பஞ்சவர்ணம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்த ஊருத்தா?”

சென்னை என்றேன். ஆறு வருடம் இருந்திருக்கிறேன், பொய் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

தலைக்குக் குளித்தேன். வேறொன்றும் இல்லை.

மார்ச் 7, சனி

ஹலீமா நேற்றே ஒரு கூட்டத்துக்காக மதுரை போய்விட்டார். காலையில் செல்வநாயகம் அழைத்தார். பஞ்சவர்ணத்தின் கிடையில் ஆடுகள் குறைமாதத்தில் குட்டியை வீசிவிட்டனவாம். அவர் வேறு ஊரில் இருந்தார். போய்ப் பார்த்துச் சொல்லச் சொன்னார். ஜீப்பில் போனேன்.

கிடையில் யாரும் உரக்கப் பேசவில்லை. குட்டிகளை வெயிலுக்கு மறைத்து அடைத்துவைக்கும் மூங்கில் கூடைகள், கொடாப்பு என்பார்கள், வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. பாதிக்கு மேல் உள்ளே ஒன்றும் இல்லை. எத்தனை போயின என்று பஞ்சவர்ணம் சொல்லவில்லை. நானும் எண்ணவில்லை.

நான் போவதற்குள் புதைத்துவிட்டார்கள்.

திரும்பி வந்ததும் துப்பட்டாவை அலசினேன். வாசனை போகவில்லை, இன்னொரு முறை சோப்புப் போட்டேன். அப்புறம் தண்ணீர் நின்றுவிட்டது. விடுதிக்காரரிடம் சொன்னால் மோட்டாரைப் பார்க்கிறேன் என்கிறார், பார்ப்பதில்லை.

மார்ச் 8, ஞாயிறு

ஹலீமா மதுரையிலிருந்து பேசினார். அவர் குரலைக் கேட்டால் தூங்கவில்லை என்று தெரிந்தது. குட்டிகள் எப்படி இருந்தன, முழு வளர்ச்சியா, உடம்பில் மயிர் இருந்ததா என்று கேட்டார். நான் பார்க்கவில்லை என்றேன்.

அவர் யோசித்ததை அப்படியே எழுதுகிறேன். நிறைசினை ஆடுகள் இருந்திருந்தால், பிடித்து அமுக்கியதில் விழுந்தது என்று சொல்லிவிடலாம். மனிதருக்கு ஆபத்தோ தொற்றோ இல்லை. ஆனால் நிறைசினை ஒன்றும் இல்லை என்று உரிமையாளரே சொன்னார். அப்படியென்றால் இளங்கரு விழுந்திருக்கிறது. கூட்டமாக இளங்கரு விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆட்டிலிருந்து ஆட்டுக்கும் மனிதருக்கும் பரவும் நோயை. இரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும். முடிவு வரும்வரை மந்தை தனியே நிற்க வேண்டும். எந்த வயலிலும் கிடை போடக் கூடாது.

சரியான முடிவுதான். அவர் இடத்தில் யார் இருந்தாலும் இதைத்தான் செய்வார்கள்.

சாயங்காலமே செல்வநாயகம் போய்ச் சொல்லிவிட்டார். மந்தையை ஊருக்கு மேற்கே இருக்கும் வறண்ட ஏரிக்கு ஓட்டிவிட்டார்கள்.

மார்ச் 10, செவ்வாய்

இரத்தம் எடுக்கும்போது கூட இருக்க வேண்டும் என்று செல்வநாயகம் கூப்பிட்டார். ஏரிக்குள் புல் என்று ஒன்றும் இல்லை. கருவேலங்காய் உதிர்ந்து கிடக்கிறது. அதைப் பொறுக்கித் தின்றுவிட்டு ஆடுகள் கரையைப் பார்த்துக் கத்துகின்றன. கரைக்கு அந்தப் பக்கம் எல்லாம் தாள் வயல். பஞ்சவர்ணத்துக்கு வாக்குக் கொடுத்த வயல்காரர் வேறு மந்தையைக் கூட்டிவந்துவிட்டார். கரை மேல் சைக்கிளில் போன ஒருவர், மூக்கைப் பொத்திக்கொண்டு, “நோய்க் கெடையா? காத்து இந்தப் பக்கம்ல அடிக்குது” என்றார்.

இன்னும் சில நாள் இப்படியே போனால் பால் வற்றும். பிழைத்த குட்டிகளும் போய்விடும். பக்கத்து ஊர் மந்தைக்காரர்கள் ஊசியே வேண்டாம் என்கிறார்களாம். தெற்கே நோய் தொடங்கிவிட்டதாகச் செய்தி.

பஞ்சவர்ணம் எங்களைத் திட்டவில்லை. செல்வநாயகத்துக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் ஜீப்புக்குத் திரும்பும்போது கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்தார்.

“அந்த டாக்டரம்மா ஆட்டப் புடிக்கிற கை மேய்ச்சக்காரி கைதான். கேட்ட கேள்விதான் மேய்ச்சக்காரி கேள்வி இல்ல.”

கொஞ்சம் கழித்து, “எந்த ஊருன்னு சொன்ன?” என்றார். சென்னை என்று இரண்டாவது முறையும் சொன்னேன்.

இரவு அப்பா பேசினார். சாப்பாடு எப்படி, அறை எப்படி, ஆபீசில் மரியாதையாக நடத்துகிறார்களா என்றெல்லாம் கேட்டார். பின்னால் குட்டிகள் தாயைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தன. அதற்கு மேல் குரலை உயர்த்தித்தான் அவர் எப்போதும் பேசுவார். அதனால்தான் யார் முன்னாலும் நான் அவருடைய அழைப்பை எடுப்பதில்லை.

மார்ச் 11, புதன்

மேசைக்கால் அட்டை நழுவிவிட்டது. மறுபடி மடித்து வைத்தேன். ஒரு பக்கம்கூடப் படிக்க முடியவில்லை.

மார்ச் 12, வியாழன்

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. அப்படியிருந்தும் இதில்கூட நேராக எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.

நான் முதுகுளத்தூர்ப் பக்கம். அய்யா கீதாரி. வீட்டில் அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அப்பா என்பது இந்த நோட்டுக்காக நான் அவருக்கு உடுத்திவிட்ட சலவை வேட்டி. பள்ளி விடுமுறையெல்லாம் கிடையில்தான் கழிந்தது. கல்லூரியில் முதல் வாரம் ஒருத்தி என் பையை முகர்ந்து பார்த்துவிட்டு மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தாள். அதன் பிறகு நான் யாரிடமும் ஊரைச் சொன்னதில்லை.

கிடைக்கு வேற்றாள் வந்து சினை ஆடு எத்தனை என்று கேட்டால், ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள். கண்பட்டுவிடும். வயிற்றில் இருப்பதை வாய்விட்டுச் சொன்னால் நிலைக்காது. இது பொய் இல்லை. கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். தெரிந்தவர் அடுத்ததாக, “சரி, இன்னிக்கு எத விட்ரலாம்?” என்று கேட்பார். உடனே கீதாரி துரட்டியை நீட்டி நிறைசினை ஆடுகளை ஒதுக்கிவிடுவார். யாரும் எதையும் சொல்லியிருக்க மாட்டார்கள். எல்லாம் நடந்திருக்கும். அய்யா இப்படி ஒதுக்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

பஞ்சவர்ணம் அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் அன்றைக்குக் காத்திருந்தார். துரட்டியைக் கையில் மாற்றிப் பிடித்ததைப் பார்த்தேன்.

ஹலீமா அப்போது என்னிடம் கேட்டது இது: “இந்தப் பதில் சரியாக இருக்குமா?”

நான் சொன்னது இது: “அவர் சொன்னது அதுதான்.”

அழகுபடுத்தாதே என்ற விதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சரியில்லை என்று சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார். அவ்வளவுதான் காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்காதா என்று இத்தனை நாளும் தேடிப் பார்த்துவிட்டேன்.

பிடிக்கும்போது ஒரு ஆட்டைக் காட்டி, “அத விட்ருப்பா” என்றார் பஞ்சவர்ணம். பிடித்தவன், “மலடுதானக்கா, என்ன ஆகப்போகுது?” என்று சிரித்தான். அதன் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் வாயால் சொன்னதை வேற்றாள் முன்னால் தானே மறுக்க முடியாது. என்னைத்தான் பார்த்தார். நான் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். எழுத ஒன்றும் இருக்கவில்லை.

இன்னொன்று. சனிக்கிழமை நான் போனபோது எல்லாவற்றையும் புதைத்திருக்கவில்லை. கடைசி ஒன்று இருந்தது. பஞ்சவர்ணம் அதைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டுக் குழி வெட்டினார். துப்பட்டாவில் ஏந்திக்கொண்டேன். முழுக் குட்டி. நெற்றியில் மயிர் நனைந்து சுருண்டிருந்தது. குளம்பு மட்டும் இன்னும் மெத்தென்று இருந்தது.

பார்க்கவில்லை என்று ஹலீமாவிடம் சொன்னேன். அந்த ஒரு சொல்லால்தான் மந்தை ஏரிக்குள் நிற்கிறது.

நாளைக்கு அவர் வருகிறார். சொல்லிவிட வேண்டும். எழுதிவிட்டதால் பாதி சொன்னதுபோல இருக்கிறது. இதுவும் ஒரு தந்திரம்தான்.

மார்ச் 13, வெள்ளி

காலையில் வந்தவர் அறைக்குக்கூடப் போகவில்லை. ஏரிக்கு விடு என்றார். ஜீப்பில் பேசலாம் என்று நினைத்திருந்தேன். ஓட்டுநர் இருந்தார். ஓட்டுநருக்கு ஆங்கிலம் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

செல்வநாயகம் இன்னும் வந்திருக்கவில்லை. ஹலீமா நேராக மந்தைக்குள் போய், குட்டி வீசிய ஆடுகளைக் காட்டச் சொன்னார். ஒவ்வொன்றின் பின்னாலும் குத்தவைத்து உட்கார்ந்து மடியைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு மூன்று ஆடுகளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். பால் கட்டிக் கல்லாகிக் கிடந்தது. இளங்கரு விழுந்த ஆட்டுக்கு இப்படி மடி இறங்காது, இவை நாள் நெருங்கிய ஆடுகள் என்றார். என்னிடம் சொல்வதுபோல இல்லை. தனக்கே சொல்லிக்கொள்வதுபோல இருந்தது.

பிறகு, இல்லை என்று ஏன் சொன்னார் என்று அவரிடம் கேள், கோபமாகக் கேட்கவில்லை, அறிக்கையில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றார்.

கேட்டேன். பஞ்சவர்ணம் என்னைப் பார்க்காமல் ஹலீமாவைப் பார்த்துப் பேசினார்.

“வேத்தாளு மொகத்துக்கு நேர நெறசினைன்னு வாய்விட்டுச் சொல்லுவாகளா டாக்டரம்மா? இல்லன்னுதான் சொல்லுவோம். நம்ம ஆளுகன்னா எத விடணும்னு திருப்பிக் கேப்பாக. ஒதுக்கிருவோம். நீங்க கேக்கல. ஒங்களுக்குத் தெரியாது, ஒங்க மேல குத்தமில்ல.” என் பக்கம் கையைக் காட்டினார். “இந்தப் புள்ளைக்குத் தெரியும். இது எங்க வீட்டுப் புள்ள. ஆட்டத் தொட்ட கையிலயே கண்டுக்கிட்டேன்.”

கடைசி வரிகளை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். அங்கே இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இதை எழுதும்போதுகூட அது எவ்வளவு எளிதாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

அழகுபடுத்தாமல் சொன்னேன். எல்லாவற்றையும். நெற்றி மயிரையும் சொன்னேன், அதை யாரும் கேட்காமலேயே.

ஹலீமா கையிலிருந்த பாலைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். தன் அம்மாவின் ஊரிலும் மந்தையை எண்ணிச் சொல்ல மாட்டார்களாம். வயிற்றில் இருப்பதைப் பேசவே மாட்டார்களாம். “அந்தச் சந்தேகத்தில்தான் அன்றைக்கு உன்னிடம் கேட்டேன்” என்றார். “அழகுபடுத்தாதே என்றுதான் சொன்னேன். மறைக்கச் சொல்லவில்லை.”

அதற்குப் பிறகு என்னிடம் வேலைக்குத் தேவையானதை மட்டும் பேசினார்.

பிற்பகல் முழுக்க மூன்று பேரும் மடி பிடித்துக் கட்டிய பாலைக் கறந்து தரையில் விட்டோம். பிறகு வந்து நான் கறந்ததைப் பார்த்த செல்வநாயகம், “அட, நல்லாக் கறக்குறியே, எங்கேம்மா கத்துக்கிட்ட?” என்றார். அவரிடமும் சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கி, எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மார்ச் 14, சனி

ஹலீமா எழுதிக் கொடுத்துவிட்டார். செல்வநாயகம் ஊரில் போய்ச் சொல்லிவிட்டார். இரத்த முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம்; தொற்று இல்லை, மந்தை எங்கே வேண்டுமானாலும் போகலாம். தவறு யாருடையது என்று எழுத வேண்டிய இடத்தில், எங்கள் குழுவுடையது என்று ஹலீமா எழுதியிருக்கிறார். என் பெயர் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று நினைக்கும் உரிமைகூட எனக்கு இல்லை.

பழைய வயல்காரர் கைவிரித்துவிட்டார். மந்தை கிழக்கே புது வயல் தேடிப் போகிறது. தார்ச்சாலையில் எதிரே வந்தார்கள். ஜீப்பை நிறுத்தி இறங்கினேன். மூங்கில் கூடைகளை ஒரு கழுதை சுமந்துகொண்டு வந்தது. ஒன்றுக்குள் ஒன்று செருகி அடுக்கியிருந்தார்கள்.

பஞ்சவர்ணம் மந்தையை நிறுத்தவில்லை. நடந்துகொண்டே, “ஒங்க அய்யா யாரு?” என்றார்.

சொன்னேன்.

“ராக்கப்பன் மகளா?” என்று ஒரு நிமிடம் நின்றுவிட்டார். ஆடுகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. “அவருகிட்ட இதச் சொல்லிராத தாயி. தாங்க மாட்டாரு.”

மன்னிப்புக் கேட்கத்தான் இறங்கினேன். அதற்குள் போய்விட்டார்.

மார்ச் 16, திங்கள்

அடுத்த கிடை. கீதாரி வயதானவர், கடுகடுப்பானவர். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். ஹலீமா தன் கேள்வியைக் கேட்டார். எல்லாம் மலடு என்றார் அவர்.

‘இல்லை’ என்கிறார், அதற்குப் பொருள் ‘இருக்கிறது’ என்பதுதான் என்று ஹலீமாவிடம் சொன்னேன். பிறகு கீதாரியைப் பார்த்து, “சரி, இன்னிக்கு எத விட்ரலாம்?” என்றேன்.

அவர் துரட்டியை நீட்டினார். ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகி வேலி ஓரமாகப் போய் நின்றன. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஹலீமா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. இவ்வளவுதான் வேலை. இவ்வளவேதான் இருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

அய்யா பேசினார். ஹலீமாவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அவர் முன்னாலேயே எடுத்தேன். வழக்கம்போலக் குட்டிகள் கத்தின. அந்தச் சத்தம் ஹலீமாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்.

கிடைக்குக் கிடை செய்தி எப்படிப் போகிறது என்று தெரியவில்லை. அய்யா அறந்தாங்கிப் பக்கம் இருக்கிறார். அங்கே வந்துவிட்டது. நான் கிடைகளுக்குப் போவது அய்யாவுக்குத் தெரியாது, ஆபீஸ் வேலை என்றே நினைத்திருக்கிறார்.

“மயிலு, ஒங்க பக்கம் பஞ்சவர்ணம் கெடையில குட்டியெல்லாம் வீசிருச்சாமே. ஊசி போட வந்தவுகளுக்குக் கேக்கத் தெரியலயாம். கூட வந்த புள்ள பட்டணத்துப் புள்ளயாம். பஞ்சவர்ணமே சொல்லி விட்ருக்கு. பாவம், அதுக்கு என்னத்தா தெரியும்? யாரு பெத்த புள்ளயோ, மனசு சங்கடப்பட்டுக் கெடக்கும்.”

என்னைக் காப்பாற்றுவதற்காக அந்தப் பெண் ஒரு பொய்யைக் கிடை கிடையாக நடக்க விட்டிருக்கிறார். வேற்றாளிடம் சொல்லும் பொய் அல்ல. சொந்தக்காரர்களிடமே சொன்ன பொய். அதை அப்படியே விட்டுவிடச் சொல்லித்தான் சாலையில் கேட்டுக்கொண்டார்.

“சாப்ட்டியா?” என்றார் அய்யா.

“அய்யா” என்றேன். “அது பட்டணத்துப் புள்ள இல்லய்யா.”

அந்தப் பக்கம் குட்டிகளின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அய்யா போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.